மூன்றாம் அலமாரியின் நாற்பத்தொரு பாகங்கள்

விருதுநகர்
24 அக்டோபர் 2024

அன்புள்ள பெனாசிருக்கு,

ஸலாம். நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய அஷ்ஃபாக் என்ற இன்ஜினியரை நான் சர்வர் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டதாக உன் அத்தா வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம். நான் யாரையும் பூட்டவில்லை. அவரை உள்ளேயே விடவில்லை, அவ்வளவுதான். ஷூவைக் கழற்றச் சொன்னேன். வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வரச் சொன்னேன். வருகைப் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். முதல் இரண்டையும் சிரித்துக்கொண்டே செய்தார். மூன்றாவதற்கு, "எல்லாம் எங்க சாஃப்ட்வேர்லயே பதிவாயிடும் மேடம்" என்றார். "அப்படியானால் சாஃப்ட்வேர் உள்ளே போகட்டும், நீங்கள் வெளியே இருங்கள்" என்றேன். கோபித்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனவர் மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். நடந்தது இதுதான். இதை உன் அத்தாவுக்குப் படித்துக் காட்டு.

இப்போது காரியத்துக்கு வருகிறேன்.

உன் சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்று ஜூலையில் எனக்கு விளக்கினாய். நம் இருபத்திரண்டு சர்வர்களையும் அதுவே மாதம் ஒரு முறை விசாரித்து, எதற்குள் என்னென்ன பாகம் இருக்கிறது என்று பட்டியல் எழுதும் என்றாய். அறுபது அச்சகங்கள் நம்மை நம்பிக் கொடுத்து வைத்திருக்கும் லேபிள், காலண்டர் டிசைன்கள் அந்தச் சர்வர்களில் இருப்பதால் அது நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். செப்டம்பர் 17 அன்று முதல் பட்டியல் வந்தது. அக்டோபர் 17 அன்று இரண்டாவது வந்தது. அதில் நாற்பத்தொரு பாகங்கள் காணவில்லை என்றும், அந்த இடங்களில் பட்டியலில் இல்லாத நாற்பத்தொரு பாகங்கள் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறது.

உன் அத்தா ஜெய்லானிக்கு அது போதுமானதாக இருந்தது. நல்லதைக் கழற்றி விற்றுவிட்டு மட்டமானதை மாட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். அறையின் சாவி சோலையம்மாளிடம் இருப்பதால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நவம்பர் 15 வரை பார்ப்பாராம், அதன் பிறகு போலீஸாம்.

சோலையம்மாளை வேலைக்குச் சேர்த்தது நான். நாரணாபுரத்தில் பட்டாசு ஆலையின் மருந்துக் கொட்டகையில் வேலை பார்த்தவள். தீ விபத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் மடங்காமல் போனபின் அவளை யாரும் எடுக்கவில்லை. வெடிமருந்தைத் தொடுவதற்கு முன் உடம்பில் இருக்கும் மின்சாரத்தைச் செப்புத் தகட்டில் இறக்கிவிட வேண்டும் என்று பழகிய கை அது. நம் அறைக்கும் அதே ஒழுங்குதான் தேவை. உன் இன்ஜினியர் சிரித்த தகட்டை வைக்கச் சொன்னதே அவள்தான். ஒன்பது வருடத்தில் ஒரு திருகாணி தொலைந்ததில்லை.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் வழக்கம்போல் அறையைச் சுத்தம் செய்தார்கள். அதைத் தவிர அந்த மாதத்தில் யாரும் எதையும் தொடவில்லை.

காணாமல் போனதாகச் சொல்லப்படும் ஒவ்வொரு பாகத்தின் நம்பரும் எனக்கு வேண்டும். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தியைத் திருடி என்று சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
உன் பெரியம்மா,
சுலைகா


பெங்களூரு
28 அக்டோபர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஸலாம். வாட்ஸ்அப்பில் மூன்று தடவை பதில் போட்டேன். நீங்கள் பார்க்கவே இல்லை. பிரிண்ட் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறேன். சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிற ஒருத்தி கூரியர் ஆபீசில் வரிசையில் நிற்பதைப் பார்த்து என் ஆட்கள் சிரித்தார்கள்.

நீங்கள் நினைக்கிற மாதிரி இது யாரோ எண்ணிப் பார்த்து எழுதிய பட்டியல் இல்லை. ஒவ்வொரு சர்வரின் போர்டிலும் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. சர்வரை அணைத்திருந்தாலும் அது விழித்திருக்கும். என் சாஃப்ட்வேர் அந்தச் சிப்பிடம் கேட்கிறது: எத்தனை பவர் சப்ளை, எத்தனை மெமரி, எந்தெந்தத் துளையில், என்ன நம்பர்? சிப் சொல்வதை அப்படியே எழுதுகிறது. சிப்புக்குச் சோலையம்மாளைத் தெரியாது. அவர் மேல் அதற்குக் கோபமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அத்தா சொல்ல வேண்டாம் என்றார், ஆனாலும் சொல்கிறேன். அஷ்ஃபாக் அந்தப் பாகங்களைப் போட்டோ எடுத்து வந்தான். எல்லாவற்றிலும் மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கிறது. பழைய சாமானைச் சரிசெய்து விற்கிற கடைகளில் இப்படித்தான் பெயிண்டால் புள்ளி வைப்பார்கள். அத்தா சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

எனக்கும் இது சந்தோஷமான வேலை இல்லை பெரியம்மா. இந்தச் சாஃப்ட்வேரை இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா என்று வேறு மூன்று கம்பெனிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சொந்த ஊரில், சொந்தக் குடும்பத்தில் போட்டது தப்புத் தப்பாகச் சொல்கிறது என்று பெயர் வந்தால் யார் வாங்குவார்கள்? ஹாஸ்டலிலிருந்து நான் உங்களுக்கு எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவீர்கள். அந்த ஞாபகத்தோடுதான் இந்தக் கடிதத்தையும் பிரித்தேன். இந்தத் தடவை திருத்த எதுவும் இல்லை. மெஷின் சொன்னது சரி.

நம்பர் பட்டியல் கேட்டீர்கள். நாற்பத்தொன்றையும் இணைத்திருக்கிறேன்.

பெனாசிர்


விருதுநகர்
2 நவம்பர் 2024

அன்புள்ள பெனாசிருக்கு,

ஸலாம். உன் கடிதத்தில் கையெழுத்து இல்லை. அச்சடித்த பெயர் கையெழுத்தாகாது. மற்றபடி திருத்தவில்லை, இடம் போதவில்லை.

நீ அனுப்பிய நம்பர்களை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். உன் பெரியத்தா இருந்த காலத்திலிருந்து, அந்த அறைக்கு வாங்கிய ஒவ்வொரு பாகத்தின் நம்பரையும் வந்த தேதியோடு நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீ காணவில்லை என்று சொல்லும் நாற்பத்தொன்றும் நாம் வாங்கியவைதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உன் பட்டியலில் பாதிதான் இருக்கிறது. அந்த இடங்களில் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாயே, அந்த நாற்பத்தொன்றின் நம்பர்கள் எங்கே? காணாமல் போனவர்களின் பெயரைக் கொடுத்துவிட்டு, வந்தவர்களின் பெயரை மறைத்தால் அது என்ன விசாரணை? இன்னொன்றையும் கவனித்தேன். நாற்பத்தொன்றும் மூன்றாம் அலமாரியில் இருக்கும் ஆறு சர்வர்களைச் சேர்ந்தவை. முதல் இரண்டு அலமாரிகளில் ஒன்றுகூட இல்லை. திருடிக்கு ஒரே அலமாரி மேல்தான் ஆசையா?

அந்த மஞ்சள் புள்ளி பெயிண்ட் இல்லை, சந்தனம். ஆயுத பூசைக்கு வைத்தது. குங்குமம் பொடியாக உதிரும் என்பதால் சந்தனம் மட்டும் போதும் என்று நான்தான் சொன்னேன். விருதுநகர் பெண் நீ. பொட்டு எது, பெயிண்ட் எது என்று உனக்குத் தெரியவில்லையா?

தீபாவளிக்கு மறுநாள் நாரணாபுரம் போனேன். சோலையம்மாள் வீட்டு வாசலில் நான் காரை விட்டு இறங்கும்போதே எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி என்ற பெண் சத்தமாகக் கேட்டாள்: "என்ன சோல, கம்ப்யூட்டரயே கழட்டி வித்துட்டியாம்ல? எனக்கும் ஒரு துண்டு குடு, படம் பாத்துக்கிடுதேன்." தெருவே சிரித்தது. என்னைக் கண்டதும் அவள் உள்ளே போய்விட்டாள். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

சோலையம்மாள் வெளியே வரவே தயங்கினாள். "வாங்கம்மா, உக்காருங்க. இங்கன எதுக்கு வந்தீக? சொல்லிவிட்டா நா வந்திருப்பேன்ல" என்றாள்.

"அலமாரியைத் திறந்ததிலிருந்து என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல்" என்றேன்.

"தொடச்சோம், வச்சோம். அம்புட்டுதான்."

"ஜெய்லானியிடம் அதையாவது வாயைத் திறந்து சொன்னாயா?"

"சொல்லல."

"ஏன்?"

"வேண்டாம்மா. கேக்காதீக. பட்டம் எனக்கு வந்துபோச்சு, அது என்னோடயே இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளுக்காக நான் ஜெய்லானியோடு சண்டை போடுகிறேன், உன்னோடு சண்டை போடுகிறேன். அவளோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வந்தவர்களின் நம்பர்களை அனுப்பு. கையெழுத்தோடு.

இப்படிக்கு,
சுலைகா


பெங்களூரு
7 நவம்பர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஸலாம். இந்தத் தடவை கையாலேயே எழுதுகிறேன். எழுத்து மோசமாக இருக்கும். விட்டுப்போய்ப் பல வருடமாகிறது.

நீங்கள் கேட்டதால் புதிதாக வந்த நாற்பத்தொன்றின் நம்பர்களைத் தனியாக எடுத்தேன். எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பட்டியலும் ஒன்றுதான். காணாமல் போன அதே நாற்பத்தொன்றுதான் புதிதாக வந்திருக்கின்றன, இடம் மட்டும் மாறி. பதினேழாம் சர்வரின் இடது பக்கப் பவர் சப்ளை இப்போது இருபத்தொன்றாம் சர்வரின் வலது பக்கம் இருக்கிறது. பத்தொன்பதில் இருந்த மெமரி இருபத்திரண்டில் இருக்கிறது. எதுவும் திருட்டுப் போகவில்லை. எதுவும் போலி இல்லை.

என் சாஃப்ட்வேர் ஏன் அப்படிச் சொன்னது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அதை இடத்தை வைத்து அடையாளம் பார்க்கும்படி எழுதியிருக்கிறேன். இந்தச் சர்வர், இந்தத் துளை, இங்கே இந்த நம்பர் இருக்க வேண்டும். இல்லையா? பழையது காணவில்லை, இருப்பது அந்நியம். பழைய நம்பர் பக்கத்துச் சர்வரில் இருக்கிறதா என்று அது தேடுவதே இல்லை. சில கம்பெனிகள் எல்லாப் பாகத்துக்கும் ஒரே நம்பரைப் போட்டு அனுப்புகின்றன. அதனால் நம்பரை மட்டும் நம்ப முடியாது என்று இடத்தை நம்பினேன். நான் பார்த்த இடங்களில் யாரும் பாகங்களைக் கழற்றிக் கலைத்துப் போட மாட்டார்கள். அப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இது என் தப்பு. சந்தனத்தைப் பெயிண்ட் என்று எழுதியதும் என் தப்பு. அஷ்ஃபாக் சொன்னதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

இதை அத்தாவிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப திருடலை. ஆனா தொறந்திருக்கால்ல? யாரைக் கேட்டுத் தொறந்தா?" என்றார். அந்த அறையில் பூசை எதுவும் கூடாது என்று செப்டம்பர் கடைசியில் நோட்டீஸ் ஒட்டினாராம். அதை மீறியதற்காகவே சோலையம்மாளை நிறுத்தப் போகிறாராம். போலீஸ் இல்லை, ஆனால் வேலை இல்லை. நான் சொல்லிப் பார்த்தேன். "நீ உன் கம்ப்யூட்டரைப் பாரு, கம்பெனியை நான் பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

சாஃப்ட்வேரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இனிமேல் ஒரு பாகம் இடம் மாறினால் 'இடம் மாறியது' என்றே சொல்லும். கூடவே ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: 'திறக்கச் சொன்னவர்'. அதில் பெயர் எழுதாமல் அந்தப் பதிவை முடிக்க முடியாது. அக்டோபர் 10 பதிவுக்கு அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. சோலையம்மாள் பெயரைப் போடச் சொல்கிறார் அத்தா. அதை அச்சடித்துத்தான் வேலை நீக்கக் கடிதத்தோடு சேர்ப்பாராம்.

அவர் தானாகத் திறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் யாரிடமும் பேசுவதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் பெரியம்மா. 15ஆம் தேதிக்குள்.

உங்கள்,
பெனாசிர்


விருதுநகர்
11 நவம்பர் 2024

அன்புள்ள பெனாசிருக்கு,

ஸலாம். உன் எழுத்து மோசமில்லை. வரி மட்டும் மேலே ஏறுகிறது.

என் முதல் கடிதத்தில், ஆயுத பூசைக்கு முந்தின நாள் வழக்கம்போல் சுத்தம் செய்தார்கள் என்று எழுதியிருந்தேன். அது பொய் இல்லை. ஆனால் முழுதும் இல்லை. முழுதையும் எழுதாததற்கு மறதி காரணம் என்று சொல்லிவிடலாம். எழுபத்து நாலு வயதில் நம்பவும் செய்வார்கள். காரணம் மறதி இல்லை.

உன் அத்தாவின் நோட்டீஸை நான் படித்திருந்தேன். பூசை கூடாது என்று அதில் இருந்தது. அந்த அறையில் வேலை செய்யும் நாலு பேரும் வருடம் முழுக்க அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். வருடத்தில் ஒரு நாள் அதற்குச் சந்தனம் வைக்கக் கூடாது என்று சொல்ல ஜெய்லானி யார் என்று எனக்குக் கோபம். உன் பெரியத்தா ஒரு வருடம்கூடத் தடுத்ததில்லை. பொரி வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதனால் சோலையம்மாளைக் கூப்பிட்டேன். "சூடம் கிடையாது, தண்ணீர் கிடையாது. அணைத்துவிட்டு, கழற்றித் துடைத்து, சந்தனம் மட்டும் வைத்து மாட்டிவிடுங்கள். அது பூசை இல்லை, துடைப்பது. நோட்டீஸில் துடைக்கக் கூடாது என்று இல்லை" என்றேன். வக்கீல் மாதிரிப் பேசினேன். அவள் தயங்கினாள். "மொதலாளி ஏசுவாகம்மா" என்றாள். "நானும் முதலாளிதான்" என்றேன்.

இதுவரை நடந்ததற்காக நான் வருத்தப்படவில்லை. அடுத்ததை எழுதத்தான் இரண்டு நாளாகக் கை வரவில்லை.

அன்று மத்தியானம் பார்க்கப் போனேன். பழைய காலண்டர் தாள்களைத் தரையில் விரித்து, கழற்றிய பாகங்களை அதன் மேல் வைத்திருந்தார்கள். முதல் இரண்டு அலமாரியை முடித்து மாட்டிவிட்டு மூன்றாவதில் இருந்தார்கள். ஒவ்வொரு சர்வருக்கு எதிரிலும் அதனதன் பாகங்கள் குவியலாகக் கிடந்தன. பவர் சப்ளையும் மெமரியும் கலந்து, ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. எனக்குக் கண் உறுத்தியது. இது என்ன கோணல்மாணல் என்று கேட்டேன். "பெரிதெல்லாம் ஒரு வரிசை, சின்னதெல்லாம் ஒரு வரிசை, அளவுவாரியாக அடுக்குங்கள்" என்றேன்.

அவள் சொன்னாள்: "அம்மா, எந்தப் பொட்டியில எடுத்தமோ அதுக்கு நேரயே கெடக்கட்டும்மா. மருந்துக் கொட்டகையில அப்படித்தான் செய்வோம். கலந்துபோச்சுன்னா எது எதுன்னு தெரியாது."

"எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே சாமான். எதை எதில் மாட்டினால் என்ன? சொன்னதைச் செய்" என்றேன்.

நாற்பத்தெட்டுப் பாகங்களையும் வரிசையாக அடுக்கினார்கள். பார்க்க அழகாக இருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பிறகு கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். சர்வர்கள் எல்லாம் நன்றாகத்தான் ஓடின. ஏழு பாகங்கள் தற்செயலாகத் தங்கள் இடத்துக்கே திரும்பியிருக்கின்றன போலிருக்கிறது. மீதி நாற்பத்தொன்று.

உன் சாஃப்ட்வேர் இடத்தை வைத்துத்தான் அடையாளம் பார்க்கிறது என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் அந்தக் காலண்டர் தாள்கள் என் கண் முன்னால் வந்துவிட்டன. அவளும் இடத்தைத்தான் பார்த்தாள். நீயும் அவளும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறீர்கள். அறையில் இருந்தவர்களில் இடம் முக்கியமில்லை என்று நினைத்தது நான் ஒருத்திதான். உன்னைத்தான் குறை சொல்லி இத்தனை நாளாக எழுதிக்கொண்டிருந்தேன்.

நேற்று மறுபடியும் நாரணாபுரம் போனேன்.

"நான் சொன்னேன் என்று ஏன் ஜெய்லானியிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்ல முடியும்? கொழுந்தன் முன்னால மதினி கொறஞ்சு போகலாமா? நோட்டீச மீறுனது நீங்கன்னு தெரிஞ்சா உங்க கையில இருக்கற கொத்துச் சாவியையும் வாங்கிருவாகன்னு ஆபீசுல எல்லாரும் பேசிக்கிட்டாக."

"அதற்காகத் திருடிப் பட்டத்தையா வாங்கிக்கொள்வாய்?"

"நீங்களா வந்து சொல்லுவீகன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். குற்றம் சொல்லும் குரலில்கூட இல்லை. எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி ஜன்னலில் நின்றிருந்தாள். அவளை வரச்சொல்லி, சோலையம்மாள் எதையும் எடுக்கவில்லை, தவறு என்னுடையது என்று சொன்னேன். "அப்பிடியா, சரிங்கம்மா" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. இந்த முறை தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

இன்று காலை ஆபீசுக்குப் போய், ஜெய்லானி ஒட்டிய நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே நானும் ஒன்று ஒட்டியிருக்கிறேன். அக்டோபர் 10 அன்று சர்வர்களைத் திறக்கச் சொன்னதும், பாகங்களைக் கலைத்து அடுக்கச் சொன்னதும் நான், சோலையம்மாள் தடுத்துச் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜெய்லானி படித்துவிட்டு, "மதினி, இதைக் கிழிச்சிருங்க, குடும்பத்துக்கு அசிங்கம்" என்றார். "உன் நோட்டீஸைக் கிழி, நானும் கிழிக்கிறேன்" என்றேன். இரண்டும் ஒட்டியபடியே இருக்கின்றன. என் கொத்துச் சாவியை அவர் கேட்காமலே அவர் மேஜையில் வைத்துவிட்டேன். அதிலிருக்கும் சர்வர் அறைச் சாவி சோலையம்மாளிடம் திரும்பப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நான் சொல்வதை அவர் கேட்க மாட்டார். உன் மெஷின் அச்சடிப்பதைக் கேட்பார்.

அதனால் உன் சாஃப்ட்வேரில் காலியாக இருக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பு. அக்டோபர் 10, மூன்றாம் அலமாரி, நாற்பத்தொரு பாகங்கள், இடம் மாறியவை. திறக்கச் சொன்னவர்: சுலைகா. பெரியம்மா என்றோ மேடம் என்றோ போடாதே. நிரப்பியபின் அந்தப் பக்கத்தை அச்சடித்து, நீ கையெழுத்துப் போட்டு, ஜெய்லானிக்கு ஒன்றும், சோலையம்மாளின் நாரணாபுரம் விலாசத்துக்கு ஒன்றும் அனுப்பு. அவளுக்கு அனுப்புவது தமிழில் இருக்கட்டும். தெருவில் படித்துக் காட்ட அவளிடம் ஒரு தாள் வேண்டும்.

15 வெள்ளிக்கிழமை. தபாலுக்கு இரண்டு நாள் ஆகும். போன் செய்யாதே. கட்டத்தில் என் பெயர் ஏறிவிட்டது என்று எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு.

இப்படிக்கு,
சுலைகா